ஆய்வேடு ஆய்விதழுக்குப் போகும் வழி: மருத்துவக் கட்டுரைகள் எங்கே சிக்குகின்றன?

பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி., ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் எவை என்று சொல்லிவந்த தனது ‘கேர்’ இதழ்ப் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டது. அதே ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் ஆசிரியர் தகுதிக்குப் புதிய விதிகளைக் கொண்டுவந்தது. இரண்டும் அடுத்தடுத்து வந்ததில், சேலத்து மருத்துவ, செவிலியர், மருந்தியல் கல்லூரிகளில் படிப்பவர்களுக்கும் பாடம் நடத்துபவர்களுக்கும் எழும் கேள்வி ஒன்றுதான்: இனி எந்த ஜர்னலில் போட்டால் செல்லும்?

எந்த இதழ் என்பது கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. ஒரு மருத்துவக் கட்டுரை நல்ல இதழில் ஏறுமா ஏறாதா என்பது பெரும்பாலும் ஆய்வின் முதல் நோயாளியைப் பார்ப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. ஆங்கிலம் சரியில்லை என்பதால் திரும்பி வரும் கட்டுரைகளும் உண்டுதான். ஆனால் ஆங்கிலத்தைப் பிறகு திருத்திவிடலாம். ஆய்வு தொடங்கும்போது செய்யாமல் விட்டதைப் பிறகு யாராலும் சேர்க்க முடியாது.

முதலில், யாருக்கு எந்த விதி?

குழப்பத்தில் பாதி, இரண்டு அமைப்புகளின் விதிகளை ஒன்றாகப் போட்டுக் கலக்குவதால் வருகிறது.

1. எம்.டி., எம்.எஸ். மாணவர்களுக்குத் தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலைக் கல்வி விதிகள். ஆய்வேடு எழுதியே ஆக வேண்டும். அதுபோக, தேர்வு எழுத மாநாட்டில் ஒரு படைப்பையாவது வழங்கியிருக்க வேண்டும், அல்லது முதல் கட்டுரையாளராக ஒரு கட்டுரை வெளிவந்திருக்க வேண்டும் அல்லது ஏற்கப்பட்டிருக்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அதாவது தேர்வு எழுத வெளியீடு ஒன்றுதான் வழி என்பது இல்லை. ‘பேப்பர் வராவிட்டால் எக்ஸாம் எழுத முடியாது’ என்று பயந்து யாரிடமாவது பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது.

2. மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்குப் பதவி உயர்வில் வெளியீடுகள் கணக்கில் வருகின்றன. 2022ஆம் ஆண்டு விதிகள் மெட்லைன், பப்மெட் சென்ட்ரல், ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் உள்ள இதழ்களைக் குறிப்பிட்டன. பெயர் முதல் மூன்று பேருக்குள் இருக்க வேண்டும், அல்லது இதழோடு கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பேற்கும் தொடர்புக்குரிய கட்டுரையாளராக இருக்க வேண்டும் என்றன. 2025இல் விதிகள் மாறியிருப்பதால், பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும் தேதியில் நடப்பிலுள்ள அறிவிக்கையைத்தான் பார்க்க வேண்டும். துறையில் யாரோ சொன்னது உதவாது.

3. யு.ஜி.சி. வரம்பில் வரும் முனைவர் பட்டமும் ஆசிரியப் பணியும் தனி. கேர் பட்டியல் போன பிறகு, இதழைத் தேர்ந்தெடுக்கும் முறையை அந்தந்த நிறுவனமே வகுத்துக்கொள்ள வேண்டும். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிக்கும் ஒருவரை இந்த மாற்றம் நேரடியாகத் தொடுவதில்லை.

ஆய்வேட்டைச் சுருக்கினால் கட்டுரை ஆகிவிடாது

ஆய்வேடு, ‘இந்த மாணவர் ஆய்வு செய்யக் கற்றுக்கொண்டார்’ என்று தேர்வாளருக்குக் காட்டுவது. கட்டுரை, முன்பின் தெரியாத ஒரு மருத்துவருக்கு ஒரு கேள்வியின் பதிலைச் சொல்வது. நூறு பக்க ஆய்வேட்டை வெட்டி வெட்டிப் பன்னிரண்டு பக்கம் ஆக்கினால் கிடைப்பது சின்ன ஆய்வேடு, அவ்வளவுதான்.

ஒரு கற்பனை ஆய்வை வைத்துப் பார்ப்போம். சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு பக்கமெல்லாம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள். உருக்குவது, பற்றவைப்பது, அமிலத்தில் போட்டு எடுப்பது, மெருகேற்றுவது எல்லாம் பெரும்பாலும் வீட்டோடு ஒட்டிய சின்ன அறைகளில் நடக்கும். இந்தத் தொழிலாளர்களில் எத்தனை பேருக்கு நுரையீரல் செயல்திறன் குறைந்திருக்கிறது என்று ஸ்பைரோமெட்ரி கருவியால் அளக்கிறார் ஒரு முதுநிலை மாணவர். (கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காகப் போட்டவை, உண்மை ஆய்வின் முடிவுகள் அல்ல.)

ஆய்வேட்டில் நுரையீரலின் உடற்கூறு, வெள்ளியின் வரலாறு, உலகெங்கும் நடந்த ஆய்வுகள் என்று நாற்பது பக்கம் இருக்கும். கட்டுரையில் இவை மூன்று பத்திகளுக்குள் அடங்க வேண்டும்: இதுவரை தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, இந்த ஆய்வு எதைக் கேட்கிறது. மூல ஆய்வுக் கட்டுரைக்கு மொத்தம் ஏறத்தாழ 3,000 சொற்கள், சுருக்கத்துக்கு 250 சொற்கள் என்பது பல இதழ்களில் காணும் அளவு. உடற்கூறு அந்த மருத்துவருக்குத் தெரியும், விட்டுவிடலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஒரே தரவை நான்கு துண்டாக்கி நான்கு கட்டுரை போடுவது. ஆண்களின் நுரையீரல் ஒரு கட்டுரை, பெண்களின் நுரையீரல் இன்னொன்று என்று போனால் இதழாசிரியர்கள் அதை வெளியீட்டு முறைகேடாகவே பார்ப்பார்கள்.

எழுதத் தொடங்கும் முன்பே முடிந்துவிடுபவை

இந்தப் பகுதிதான் முக்கியம்.

1. மாதிரி அளவு. நம் ஆய்வேடுகளில் அதிகம் புழங்கும் சூத்திரம் 4பிக்யூ வகுத்தல் டி-யின் வர்க்கம். பி என்பது எதிர்பார்க்கும் விழுக்காடு, க்யூ என்பது நூறிலிருந்து அதைக் கழித்த மிச்சம், டி என்பது நாம் பொறுத்துக்கொள்ளும் பிழை. பி 40 என்றும் பிழை 10 புள்ளி என்றும் வைத்தால் 96 பேர் போதும். பிழையை 5 புள்ளியாகக் குறைத்தால் 384 பேர் வேண்டும். பிழையை ‘பி-யின் 20 விழுக்காடு’, அதாவது 8 புள்ளி என்று எடுத்தால் 150 பேர். மூன்றுமே புழக்கத்தில் உள்ளவை. எதைத் தேர்ந்தோம், ஏன் என்று எழுதாமல், கிடைத்த ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி பின்னோக்கிக் கணக்குப் போட்டிருந்தால் இதழுக்காகக் கட்டுரையைப் படித்துக் கருத்துச் சொல்லும் மதிப்பாய்வாளர் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

2. ஆய்வு நெறிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல். ஆய்வு தொடங்கிய பிறகு பின்தேதியிட்டுப் பெறுகிற ஒப்புதலை எந்த நல்ல இதழும் ஏற்காது. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவப் பரிசோதனைகள் விதிகளின்படி கமிட்டியும் பதிவு பெற்றிருக்க வேண்டும். கட்டுரையில் கமிட்டியின் பெயர், ஒப்புதல் எண், தேதி மூன்றும் வர வேண்டும். ஆய்வேட்டுக்கு வாங்கிய ஒப்புதலில் இல்லாத ஒரு ரத்தப் பரிசோதனையைப் பிறகு கட்டுரைக்காகச் சேர்த்திருந்தால், அதற்குத் தனியாகத் திருத்த ஒப்புதல் வேண்டும்.

3. சம்மதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறைகள் இதில் தெளிவாகவே பேசுகின்றன. பட்டறை முதலாளி ‘தாராளமா பண்ணுங்க’ என்று சொன்னால் அது உள்ளே நுழைய அனுமதி. தொழிலாளியின் சம்மதம் அதில் அடங்காது. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது ‘மாட்டேன்’ என்று சொல்வது எத்தனை பேருக்கு முடியும்? ஏற்காட்டில் காபித் தோட்டத்து மேலாளரிடமும், சேர்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி ஊர்களின் பெரியவர்களிடமும் வாங்கும் அனுமதிக்கும் இதே நிலைதான். ஊர்ப் பெரியவரைக் கேட்காமல் போவது மரியாதையும் ஆகாது, வேலையும் நடக்காது. ஆனால் அவர் சொன்ன பிறகும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியின் முன் விளக்கிச் சொல்லிக் கைநாட்டு வாங்க வேண்டும்.

4. பதிவு. மருந்தோ சிகிச்சையோ கொடுத்துப் பார்க்கும் ஆய்வு என்றால் சி.டி.ஆர்.ஐ. எனப்படும் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் முதல் ஆள் சேரும் முன்பே பதிய வேண்டும். இந்தப் பதிவகம் 2007 ஜூலையில் தொடங்கியது. 2018 ஏப்ரல் 1 முதல், ஏற்கெனவே ஆட்களைச் சேர்த்துவிட்ட பரிசோதனைகளை அது பதிவு செய்வதில்லை. கொலுசுத் தொழிலாளர் ஆய்வு வெறுமனே அளந்து பார்ப்பது. அதற்குப் பதிவு கட்டாயமில்லை, செய்தால் தவறுமில்லை.

கட்டுரையின் உடல்

அறிமுகம், முறைகள், முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதி அமைப்பு எல்லோருக்கும் தெரிந்தது. எழுதும் வரிசை வேறாக இருக்கலாம். அட்டவணைகளை முதலில் முடித்து, அப்புறம் முறைகள், முடிவுகள், விவாதம், அறிமுகம், கடைசியாகச் சுருக்கம் என்று போனால் பாதி வேலை குறையும்.

எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்பதற்கு ஆய்வின் வகைக்கு ஏற்ற சரிபார்ப்புப் பட்டியல்கள் உண்டு. சீட்டுக் குலுக்குவதுபோல் பிரித்து நடத்தும் சிகிச்சைப் பரிசோதனைக்குக் கான்சார்ட். 1996இல் வந்தது, கடைசியாக 2025இல் புதுப்பிக்கப்பட்டது. கவனித்து அளக்கும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப், 22 அம்சங்கள். பல ஆய்வுகளைத் தொகுக்கும் முறையான மீளாய்வுக்குப் ப்ரிஸ்மா, 27 அம்சங்கள். ஒற்றை நோயாளி பற்றிய அறிக்கைக்குக் கேர் என்றே ஒரு பட்டியல் இருக்கிறது, யு.ஜி.சி.யின் கேருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஈக்வேட்டர் என்ற வலைத்தளத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. கட்டுரை முடிந்த பிறகு பட்டியலை நிரப்புவதுதான் வழக்கமாக இருக்கிறது. ஆய்வைத் திட்டமிடும்போதே நிரப்பினால்தான் அதனால் பயன்.

முறைகள் பகுதியில், படிக்கும் இன்னொருவர் இதே ஆய்வைத் திரும்பச் செய்யும் அளவுக்கு விவரம் வேண்டும். கொலுசு ஆய்வில் எந்தக் கருவி, எத்தனை முறை ஊதச் சொன்னார்கள், ‘இயல்பு’ என்பதை எந்தச் சமன்பாட்டை வைத்துக் கணக்கிட்டார்கள் என்பது கட்டாயம். ஐரோப்பியருக்கான அளவை வைத்துப் பார்த்தால் நல்ல நுரையீரல் உள்ள சேலத்துக்காரரும் குறைபாடு உள்ளவராகத் தெரியலாம். பீடி, சிகரெட் பழக்கமும் வீட்டில் விறகடுப்பு உண்டா என்பதும் கேட்கப்பட்டிருக்க வேண்டும்.

முடிவுகளில் எண்களை எழுதும் விதம் ஒருவரின் கைப்பழக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

1. 120 பேரில் 48 பேருக்குக் குறைபாடு என்றால் 40 விழுக்காடு என்று மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. 95 விழுக்காடு நம்பக இடைவெளி ஏறத்தாழ 31 முதல் 49 வரை என்பதும் வர வேண்டும். இவ்வளவு பேரை மட்டும் பார்த்ததால் நம் கணிப்பு எவ்வளவு தளர்வானது என்பதை அந்த இடைவெளிதான் சொல்கிறது.

2. எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் காட்டும் ‘பி = 0.000’ என்பதை அப்படியே ஒட்டக் கூடாது. (மாதிரி அளவில் வந்த பி வேறு; இந்தப் பி, உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வரும் நிகழ்தகவு.) பூஜ்யம் என்ற நிகழ்தகவு அங்கே இல்லை. 0.001-க்கும் குறைவு என்று எழுத வேண்டும்.

3. அட்டவணையில் இருப்பதையே மறுபடி வாக்கியமாக எழுத வேண்டாம்.

விவாதத்தில்தான் ஆசை எல்லை மீறும். ஒரே சமயத்தில் எல்லோரையும் அளந்து பார்த்த ஆய்வு, ‘கொலுசு வேலை நுரையீரலைக் கெடுக்கிறது’ என்று சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்றுதான் சொல்ல முடியும். இன்னொரு நுட்பமும் உண்டு. மூச்சு வாங்கி வேலையை விட்டவர்கள் இன்று பட்டறையில் இல்லை. இருப்பவர்களை மட்டும் அளந்தால் பாதிப்பு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். இதை நாமே குறைபாடுகள் என்ற பத்தியில் எழுதிவிட்டால் மதிப்பாய்வாளருக்கு நம் மேல் நம்பிக்கை வரும். ‘மாதிரி அளவு சிறியது’ என்ற ஒற்றை வரியோடு அந்தப் பத்தியை முடிப்பது யோசிக்கவில்லை என்பதற்கு அடையாளம்.

யார் பெயர், எந்த வரிசையில்?

மருத்துவ இதழாசிரியர்கள் சிலர் 1978இல் கனடாவின் வான்கூவரில் கூடினார்கள். அங்கே பிறந்த குழுதான் இன்று ஐ.சி.எம்.ஜே.இ. மேற்கோள்களுக்கு எண் போடும் வான்கூவர் முறையும் அங்கிருந்து வந்தது. கட்டுரையாளர் என்று பெயர் போட இந்தக் குழு நான்கு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. நான்கும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

1. ஆய்வின் திட்டத்திலோ, தரவு திரட்டுவதிலோ, பகுப்பாய்விலோ கணிசமான பங்கு.
2. கட்டுரையை எழுதியதில், அல்லது அறிவுப்பூர்வமாகத் திருத்தியதில் பங்கு.
3. வெளியிடப்போகும் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல்.
4. கட்டுரையின் எந்தப் பகுதியில் கேள்வி வந்தாலும் பதில் சொல்லும் பொறுப்பு. இது 2013இல் சேர்ந்தது.

துறைத் தலைவர் என்பதற்காகவோ, ஸ்பைரோமெட்ரி கருவியைக் கொடுத்தார் என்பதற்காகவோ பெயர் போட இதில் இடமில்லை. அவர்களுக்கு நன்றிப் பகுதி இருக்கிறது. நடைமுறை வேறு என்பது ஊரறிந்தது. முதல் மூன்று இடத்துக்குப் பதவி உயர்வில் மதிப்பு என்று விதி வைத்தால் அந்த மூன்று இடத்துக்கு நெரிசல் வரத்தான் செய்யும். மாணவர் தனியாக நின்று ‘சார், உங்க பெயர் வராது’ என்று சொல்ல முடியாது. ஆய்வுத் திட்டம் எழுதும் நாளிலேயே யார் என்ன செய்வார்கள், வரிசை என்ன என்று ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவது ஓரளவு காப்பாற்றும்.

சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவி கட்டுரையாளர் ஆக முடியாது என்று இக்குழு 2023இல் சொன்னது. அதனால் பொறுப்பேற்க முடியாது என்பதே காரணம். பயன்படுத்தியிருந்தால் அதைத் தெரிவிக்க வேண்டும். அது தரும் மேற்கோள்களில் இல்லாத கட்டுரைகளும் இருக்கும். ஒவ்வொன்றையும் பப்மெடில் தேடிப் பார்க்காமல் சேர்ப்பது ஆபத்து.

இப்போது இதழ்

‘72 மணி நேரத்தில் வெளியீடு, சான்றிதழ் உண்டு’ என்று வாட்ஸ்அப்பில் வருவதைத் திறக்காமலே விடலாம். இரண்டு பேர் ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படித்துக் கருத்து எழுத அந்த நேரம் போதாது. இந்த வியாபாரம் சின்னதல்ல. ஹைதராபாத்தில் தொடங்கிய ஓமிக்ஸ் என்ற இதழ் வெளியீட்டுக் குழுமம் ஆய்வாளர்களை ஏமாற்றியதாக அதற்கு எதிராக அமெரிக்க வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 5 கோடி டாலருக்கு மேல் செலுத்தும்படி அங்குள்ள நீதிமன்றம் 2019இல் உத்தரவிட்டது.

இதழைச் சரிபார்க்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருப்பது தரத்துக்குச் சான்று அல்ல. அது வெறும் அடையாள எண்.
2. கூகுள் ஸ்காலரில் வருகிறது என்பதும் தகுதி அல்ல. அங்கே எல்லாமே வரும்.
3. பப்மெடும் மெட்லைனும் ஒன்றல்ல. பப்மெட் தேடும் தளம்; மெட்லைன் அதற்குள் இருக்கும், தேர்ந்தெடுத்த இதழ்களின் தொகுப்பு. ஓர் இதழ் மெட்லைனில் இப்போது இருக்கிறதா என்பதை அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் பட்டியலில் நேரடியாகப் பார்க்கலாம்.
4. இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்பதைச் சொல்லும் ‘இம்பாக்ட் ஃபாக்டர்’ என்ற பெயரில் யார் யாரோ எண் கொடுக்கிறார்கள். கிளாரிவேட் நிறுவனம் வெளியிடுவதே உண்மையான அளவு.
5. நல்ல இதழின் பெயரிலேயே போலி வலைத்தளமும் இருக்கலாம். தேடலில் வரும் முதல் இணைப்பை நம்பாமல் தரவுத்தளப் பதிவில் உள்ள இணைப்பு வழியாகவே உள்ளே போக வேண்டும்.

கட்டணம் கேட்டாலே போலி என்பதும் சரியல்ல. எல்லோரும் இலவசமாகப் படிக்கும் இதழ்கள் பல, செலவைக் கட்டுரையாளரிடம் வாங்குகின்றன. கட்டணம் எவ்வளவு, எப்போது என்பதை வெளிப்படையாகச் சொல்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். மேற்கோளுக்கான கட்டுரைகளைப் படிக்க அரசுக் கல்லூரிகளுக்கு ஒரு வசதி வந்திருக்கிறது: 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. கல்லூரி நூலகரிடம் கேட்டால் வழி தெரியும்.

அனுப்பும் நாள்

ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். இதில் விதிவிலக்கு கிடையாது. யார் எழுதியது என்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாமல் இருக்க, பெயர், கல்லூரி விவரம் தலைப்புப் பக்கத்தில் மட்டும்; மதிப்பாய்வாளருக்குப் போகும் கோப்பில் ‘சேலத்தில் உள்ள எங்கள் மருத்துவமனையில்’ என்று எழுதிவிட்டால் மறைத்ததற்கே பொருளில்லை. ஏற்கெனவே வெளிவந்த எழுத்துகளோடு ஒத்துப்போகும் வரிகளின் அளவை இதழ்கள் மென்பொருளால் பார்க்கும். யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிகளில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. இதழ்களின் வரம்பு வேறாக இருக்கலாம். சொந்த ஆய்வேட்டோடு பொருந்துவதை முகப்புக் கடிதத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

நோயாளியின் படத்தில் கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை போட்டால் போதும் என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. அது போதாது, எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். படம் இல்லாமலே ஆளை அடையாளம் காட்டிவிடவும் முடியும். ‘ஏற்காடு மலைக் கிராமம் ஒன்றில் காட்டெருமை முட்டிய 45 வயது விவசாயி’ என்று எழுதினால் அந்த மலையில் எல்லோருக்கும் யாரென்று தெரிந்துவிடும். ‘மலைப்பகுதியைச் சேர்ந்த நடுவயது ஆண்’ என்பதில் மருத்துவச் செய்தி எதுவும் குறைந்துபோகவில்லை.

பதில் வந்த பிறகு

சில நாட்களிலேயே ‘எங்கள் இதழுக்குப் பொருந்தவில்லை’ என்று வந்தால், கட்டுரை மதிப்பாய்வுக்கே போகவில்லை என்று பொருள். வடிவத்தை மாற்றி அடுத்த இதழுக்கு அனுப்பலாம். மதிப்பாய்வுக்குப் பிறகு நிராகரித்தால், அந்தக் கருத்துகளில் நியாயமானவற்றைத் திருத்தாமல் வேறு இதழுக்கு அனுப்புவது வீண். ஒரே துறையில் மதிப்பாய்வு செய்பவர்கள் குறைவு, அதே ஆளிடம் திரும்பப் போகக்கூடும்.

‘பெரிய திருத்தம் தேவை’ என்று வருவதைத் தோல்வியாக எடுக்கும் மாணவர்கள் உண்டு. உண்மையில் அது கதவு திறந்திருக்கிறது என்ற செய்தி. ஒவ்வொரு கருத்தையும் அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே பதிலையும் கட்டுரையில் மாற்றிய வரியையும் தர வேண்டும். ஏற்க முடியாத கருத்தை மறுக்கலாம், காரணத்தோடு. கோபம் இருந்தால் ஒரு வாரம் கழித்து எழுதலாம். கெடு பொதுவாக அதற்கு இடம் கொடுக்கும்.

ஏற்கப்பட்ட பின் அச்சுப்படி சரிபார்க்க வரும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான் நேரம். அப்போது வாக்கிய அழகைத் திருத்தக் கூடாது, அனுமதிக்கவும் மாட்டார்கள். கட்டுரையாளர் பெயர்களின் எழுத்து, முதலெழுத்து எந்தப் பக்கம் வருகிறது, கல்லூரிப் பெயர், ஒப்புதல் எண், அட்டவணையில் ஒவ்வொரு எண் ஆகியவற்றை மட்டும் மூல ஆவணத்தோடு ஒப்பிட வேண்டும். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போடும் நம் வழக்கத்தைத் தரவுத்தளங்கள் வெவ்வேறு விதமாகப் பதிவதால், ஒரே ஆளின் கட்டுரைகள் இரண்டு மூன்று பெயர்களில் சிதறிக் கிடப்பது சாதாரணம். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் 16 இலக்க ஆர்க்கிட் அடையாள எண்ணை இலவசமாக எடுத்து முதல் கட்டுரையிலிருந்தே சேர்த்துவிட்டால் அந்தச் சிக்கல் வராது. வெளியான பிறகு தவறு தெரிந்தால் இதழாசிரியருக்கு எழுதித் திருத்தக் குறிப்பு வெளியிடச் சொல்ல வேண்டும். அந்தக் குறிப்பும் கட்டுரையோடு சேர்த்து நிரந்தரமாகப் பதிவாகும்.